மைதாப் பசை வாடை

தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் நேற்று ஒருவர் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். 'முதல் முயற்சியிலேயே சி.ஏ.!' என்று அதில் கோட்டுப் போட்ட ஓர் ஆள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். வாளியிலிருந்து வந்த புளித்த மைதாப் பசை வாடையைத்தான் தாங்க முடியவில்லை. சீ! கையிலிருந்த காபியைக் கொட்டிவிட்டு ஆபீஸுக்கு வந்துவிட்டேன்.

ஆபீஸ் என்றால் என் ஆபீஸ்தான். வாசலில் பட்டயக் கணக்காளர் என்று போர்டு தொங்குகிறது. நான் படிக்க ஆரம்பித்த கதையைக் கேட்டால் நீங்களும் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள்.

கம்பத்தில் ஓர் உரக்கடை மாடியில் டியூஷன். பூச்சிமருந்து நெடியில் பாதி நாள் தலைவலி. சார் வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியே துப்பிவிட்டு, அதே வாயால் கணக்கருக்கு நேர்மைதான் முக்கியம் என்று பாடம் எடுப்பார். வரிச் சட்டப் புத்தகத்தை அவரிடமே வாங்க வேண்டும். "வெளிய வாங்காதீக, எல்லாம் தப்புத் தப்பா கெடக்கும்" என்பார். தப்பாம்! யார் வாயில் என்ன சொல் பாருங்கள்.

வரிச் சட்டம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். பழைய வருடப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதினால் போட்ட கணக்கெல்லாம் தப்பு. நானோ அட்டையில் இருந்த வருடத்தை நம்பி ஆறு மாதம் உருப்போட்டிருந்தேன். மதுரையில் பரீட்சை ஹால் வாசலில் நின்ற ஒரு பெண் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "ஏங்க, இது ரெண்டு வருசம் பழசுல்ல?" என்றாள். அந்தத் தடவை ஃபெயில். வீட்டுக்கு வந்து அட்டையைப் பிய்த்தால், அடியில் பழைய அட்டை. அதன்மேல் மைதாப் பசை தடவிப் புது அட்டை ஒட்டியிருந்தார் மனிதர்.

அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. அத்தோடு விட்டிருந்தால் நானும் யோக்கியம்தான்.

ஆறு மாதத்தில் அடுத்த பரீட்சை. புதுப் புத்தகம் வேண்டும். வீட்டில் கேட்க எனக்கு முகமில்லை. அப்போதுதான், கட்டிய ஃபீஸுக்காக நான் இன்னும் போய்க்கொண்டிருந்த அதே டியூஷனுக்கு உத்தமபாளையத்திலிருந்து சாகிதா வந்து சேர்ந்தாள். "ஒரு தடவதேன் எழுதணும்னு எங்க அத்தா சொல்லிட்டாகக்கா. தேறலைன்னா கல்யாணந்தேன்" என்றாள். அன்று சாயங்காலமே நான் அடுப்பில் மைதா காய்ச்சி, பிய்த்த அட்டையைச் சுருக்கமில்லாமல் திரும்ப ஒட்டினேன். மறுநாள் சார் சொல்லும் விலையைவிடக் கொஞ்சம் குறைத்துப் புத்தகத்தை அவளிடம் விற்றேன்.

"இது இந்த வருசத்துப் புக்குத்தானக்கா?"

"அட்டையப் பாருத்தா" என்றேன். வாயால் பொய் சொல்லவில்லையாம். அவ்வளவு நேர்மை!

நான் தேறினேன். அவள் தேறவில்லை.

அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். சார் போன இடம் தெரியவில்லை. பட்ஜெட் மாற்றமெல்லாம் போனிலேயே வந்துவிடுவதால் அட்டை ஒட்டும் பிழைப்பும் ஒழிந்தது. ஒழியட்டும், சனியன்.

போன மாதம் கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சாகிதாவைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் மகள், பிளஸ் டூ முடித்தவள்.

"இவளும் சி.ஏ. படிக்கணுங்குறாக்கா. வேணாம்னுட்டேன். நீங்க குடுத்தது நல்ல புக்குத்தேன், எனக்குத்தேன் மண்டையில ஏறல. எம் மகளுக்கு மட்டும் எங்க ஏறப்போகுது?"

அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் போர்டு மாட்டியிருக்கும் நான், தலையாட்டிவிட்டு வந்தேன்.