உயிர்த்தெழப்போகும் சக்களத்தி

ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள், இந்த மலாயாவில் கல்லறைக்கும் மாதம் ஒருமுறை முடிவெட்ட வேண்டியிருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையில் ஒருவரைப் புதைத்தால் மேலே செம்மண் அப்படியே கிடக்கும், ஆடு கடிக்க ஒரு புல் முளைக்காது. இங்கே தினமும் மத்தியானம் மழை. நாலு வாரம் சும்மா விட்டால் சிலுவை மறைகிற அளவுக்குப் புல் எழும்பி நிற்கும். அதனால் என் வீட்டுக்காரர் தாவீது மாதத்தில் ஒரு ஞாயிறு அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறுவார். அங்கே அவருடைய முதல் மனைவி ரத்தினம் இருக்கிறாள். அவர் வாயில் எப்போதும் 'இருக்கிறாள்'தான். நான் இங்கே வந்து ஆறு வருஷமாகிறது. என் தலையில் ஒரு கை எண்ணெய் வைத்தவர் இல்லை அவர். அவள் தலைமாட்டுப் புல்லை மட்டும் விரலால் கோதிக் கோதி அறுப்பார்.

மலாயா ரயில்வேயில் வேலை, பெண்சாதி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை என்று எழுதித்தான் எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. செத்தவளைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? சந்தோஷமாகக் கழுத்தை நீட்டினேன், கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். நம் வேதத்தில் செத்தவர்கள் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை என்பது எனக்கு உறைத்தது அதற்குப் பிறகுதான். கடைசி நாளில் மரித்தோர் எழும்புவார்கள் என்று சின்ன வயதிலிருந்து கோயிலில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், பயமாக இருந்ததில்லை. இங்கே வந்தபின் அதைச் சொல்லும்போதெல்லாம் ரத்தினம் எழுந்து நேரே எங்கள் ரயில்வே கோட்டர்ஸ் அடுப்படிக்கு வந்து, "யாரும்மா நீ?" என்று கேட்பதுபோலவே இருக்கும். பரலோகத்தில் புருஷன் பெண்சாதி என்பதெல்லாம் இல்லை என்று வேதம் படித்தவர்கள் சொல்கிறார்கள். அது இவருக்கும் தெரிந்திருந்தால் சரி. போதாததற்குக் கிள்ளான் சபைப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரத்தினத்தின் பாட்டு, ரத்தினத்தின் மீன்குழம்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். வயிறு எரியாதா? சக்களத்தி மண்ணுக்குள் இருந்தாலும் சக்களத்திதான்.

போன ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில், ரயிலுக்குப் போகிற வழியில் பூ வாங்கினோம். அது சீனர்களும் தங்கள் பெரியவர்களின் சமாதியைச் சுத்தம் செய்யப் போகிற காலம். கடைக்காரச் சீனர் வெள்ளைச் செவந்தியைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, "சியாப்பா மாத்தி?" என்று மலாயில் துக்கமாகக் கேட்டார். யார் செத்தது என்று அர்த்தம். இவர், "பினி" என்றார். பினி என்றால் மனைவி. சீனர் பக்கத்தில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இனி சியாப்பா?" என்றார். இது யார் என்று.

இவர் என்னைப் பார்த்து, "பினி லா" என்றார்.

சீனருக்கு ஒன்றும் புரியவில்லை. உயிரோடு நிற்கிறவளுக்குச் சமாதிப் பூ வாங்குகிற புருஷனை அவர் முதன்முறையாகப் பார்த்திருப்பார். இரண்டு பூவை மேலாக வைத்து என் கையில் கூடையைப் பரிதாபமாகக் கொடுத்தார்.

ரயில் பத்து திகா ஸ்டேஷனைத் தாண்டியதும் இவர் எழுந்துபோய் வாசற்படியருகே ரயில்வே கார்டோடு பேசிக்கொண்டிருந்தார். கூடை என் மடியில் இருந்தது. ஆறு வருஷத்தில் எனக்கென்று ஒரு முழம் பூ வாங்கியதில்லை என்று நினைத்தேன். அவ்வளவுதான். தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகச் சிதறிப் போயிற்று. அவர் திரும்பி வந்து கேட்டபோது, ஜன்னலில் வைத்தேன், குலுக்கலில் விழுந்துவிட்டது என்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "உனக்கு அடி படலையே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். கிள்ளானில் இறங்கிப் புல்லை அறுத்துவிட்டு, வேலி வேலியாகப் போய்ச் செம்பருத்தி பறித்து வந்தார். ஈஸ்டருக்காக அன்றிரவு கிள்ளானிலேயே தங்கினோம்.

நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஈஸ்டர் இராப்போஜனம் எடுக்கிறவர்கள் முந்தின நாளே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும், யாரோடும் பகை இல்லை என்று சொல்ல வேண்டும். பகை இருந்தால் ஒப்புரவாகாமல் பந்திக்குப் போகமுடியாது. ஊரில் அந்தச் சனிக்கிழமை பார்க்க வேண்டுமே, வருஷம் முழுக்க வரப்புக்கு அடித்துக்கொண்டவர்கள் வேர்க்க விறுவிறுக்க ஒருவர் வீட்டை ஒருவர் தேடி ஓடுவார்கள். கிள்ளான் சபையிலும் அதே நோட்டு, அதே கேள்வி. என் முறை வந்தபோது போதகர் தலை நிமிராமல், "ஞானம், யாரோடயும் மனத்தாங்கல் இல்லையேம்மா?" என்றார். பொய் சொல்லிவிட்டு அந்த அப்பத்தை வாயில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கு ஐயா."

"யாரோட?"

"ரத்தினத்தோட."

அவர் பேனாவை நிறுத்தினார். "எந்த ரத்தினம்? உன் வீட்டுக்காரரோட..." என்று இழுத்தார். நடந்ததைச் சொன்னேன். "அவ இறந்து ஒன்பது வருஷமாச்சேம்மா" என்றார்.

"எழும்பி வருவான்னு நாளைக்கு நீங்கதான ஐயா பிரசங்கம் பண்ணப்போறீங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்போ நீதான் அவகிட்டப் போகணும். போயிட்டு வந்து சொல்லு, பேரு எழுதுறேன்" என்று நோட்டை மூடினார்.

விடியற்காலையில் சபையார் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவரவர் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுவர்த்தியை நட்டார்கள். ரத்தினத்தின் முன்னால் நாங்கள் இருவரும் நின்றோம். இந்த மனுஷர் காதுபடச் சொல்லாமல் தீராது என்று தெரிந்தது.

"கூடை தானா விழல. நான்தான் எறிஞ்சேன். உங்க ரெண்டு பேரு மேலயும் வயித்தெரிச்சல்" என்றேன்.

அவர் சாய்ந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "நான் இங்க எதுக்கு வாரேன்னு நினைச்ச?" என்றார்.

"ஆசையிலதான்."

"அன்னைக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தா. வேலைக்குப் போகாதீங்கன்னா. கஞ்சி வைக்காம நடிக்கியான்னு ஏசிட்டுப் போனேன், ஞானம். சாயங்காலம் வந்தா, ஆளு இல்ல. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை அவ சொல்லணும். அவ எழும்புனாத்தான நான் கேக்க முடியும்?"

ஐயோ பாவம் என்றுதான் இருந்தது. ஒளிப்பானேன், அதே மூச்சில் இன்னும் எரிந்தது. ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கேட்கிற அளவுக்கு என்னை ஏசியதும் இல்லை. அந்த ஒரு வார்த்தை இத்தனை பெரியதென்றால், அதை வைத்திருக்கிறவள் அவள், நான் அல்ல. ஆனாலும் ஈரப் புல்லில் முழங்கால் போட்டேன். "ரத்தினம், உன் பூவை எறிஞ்சுட்டேன். மன்னிச்சிரு" என்றேன். இவரும் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவள் இருவருக்குமே பதில் சொல்லவில்லை.

போதகரிடம் போய், "கேட்டேன் ஐயா, பதில்தான் வரல" என்றேன். அவர் நோட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். "கேட்டாச்சுல்ல, பந்திக்கு வா. பதிலை அவ வந்து சொல்லுவா" என்றார். அன்றைக்குப் பயமில்லாமல் அப்பம் வாங்கினேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். திரும்பி வரும்போது ரயிலில் இவர், ரத்தினத்தின் கல்லறைக்கு வலப்பக்கத்து இடத்தைத் தனக்கென்று சொல்லி வைத்திருப்பதைச் சொன்னார். அப்படியானால் இடப்பக்கம் எனக்கு என்றேன். "செத்தா உன்னை ஊருக்கு அனுப்பிரணும்னுல்ல சொல்லுவ, உங்க அம்மா பக்கத்துல?" என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம், சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மரித்தோர் எழும்பும் அந்தக் காலையில் அம்மா செம்மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, பக்கத்தில் என்னைத் தேடுவாள். கொஞ்சம் பொறுக்கட்டும். கிள்ளானில் இவர் கண்ணைக் கசக்கி எழும்புவதற்குள், ரத்தினத்திடம் நான் முதலில் பேசியாக வேண்டும்.