மரவள்ளிப் பாத்தியில் டெபிட், கிரெடிட்

போன வாரம் சிரம்பானில் ஒரு பேங்க். கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்புக்கை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தாள். பத்திரிகையில் எழுதுகிறவள் நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க அந்தக் காலத்துலயே அக்கவுன்ட்ஸ் பரீட்ச பாஸ் பண்ணவங்களாமே? நான் ரெண்டு தடவ ஃபெயில் லா. புக்க முழுசா மூணு வாட்டி படிச்சிட்டேன். நீங்க எப்படிப் படிச்சீங்க?"

பின்னால் நீள வரிசை. "எழுதுறேன், படிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் அந்தோணி, கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி – ஆபீஸ் குமாஸ்தா. லண்டனிலிருந்து வரும் புக்-கீப்பிங் பரீட்சையை இரண்டு தடவை எழுதினார். இரண்டிலும் தோல்வி. காரணம்? சத்தமே வராமல் படிப்பார். பக்கம் புரளும், தலை ஆடும், எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடினால்... ஒன்றும் இருக்காது.

மூன்றாவது தடவைக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதற்குள் நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். தோட்டத்துத் துரை ஓடினார். லண்டன் தபால் நின்றது. அரிசியும் நின்றது. எல்லாரையும் போல நாங்களும் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டோம்.

பரீட்சையே இல்லை, பிறகு எதற்குப் படிப்பு? அவர் விடவில்லை. ஆனால் இங்கிலீஷ் புத்தகம் ஜப்பான்காரன் கண்ணில் படுமோ என்று வெளியே உட்காரப் பயம். அதனால் காலையில் உள்ளே கொஞ்சம் படிப்பார். சாயங்காலம் பாத்தியில் களை எடுத்துக்கொண்டே எனக்குச் சொல்வார். நான் கான்வென்டில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். கேள்வி கேட்பதில் மட்டும் குறைவில்லை.

"மண்வெட்டி வாங்குனா செலவுதானே? அத ஏன் சொத்துன்னு எழுதணும்?"

"அது... புக்குல அப்படித்தான் போட்டிருக்கு."

"புக்க விடுங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

முறைப்பார். உள்ளே போய் மறுபடி படிப்பார். மறுநாள் பதிலோடு வருவார். "அடுத்த வருஷமும் அந்த மண்வெட்டி வெட்டும்ல? அதான் சொத்து. இன்னைக்குத் தின்னு தீத்த மரவள்ளி செலவு."

காகிதம் கிடையாது. குச்சியால் மண்ணில் நடுக்கோடு போட்டு, இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். தப்பானால் காலால் அழித்துவிட்டு மறுபடி. ஒரு வருஷத்தில் பாதிப் புத்தகம் அவர் வாயிலேயே இருந்தது. என் வாயிலும்தான்.

பிறகு சயாம் – இப்போதைய தாய்லாந்து – காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். பட்டியல் எழுதுவது கிராணியின் வேலை. மாட்டேன் என்று சொல்ல முடிகிற காலம் அல்ல. எழுதினார். லாரி வந்த காலையில் ஓர் ஆள் குறைந்தது – ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டார். ஜப்பான் அதிகாரி பட்டியலைப் பார்த்தான். அதைக் கையில் வைத்திருந்தவரைப் பார்த்தான். லாரியைக் காட்டினான்.

சட்டை எடுத்துக்கொள்ள மட்டும் அவரை வீட்டுக்கு விட்டார்கள்.

"பன்னெண்டாவது பாடத்துல நிக்குது," என்றார்.

"மீதிய நான் படிச்சு வெக்கிறேன். வந்து கேளுங்க," என்றேன்.

படித்தேன். யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டு மரியாயி பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மரவள்ளி உரித்துக்கொண்டே கேட்பாள், பாவம். அவளுக்குப் புரிகிறவரை அடுத்த பாடத்துக்குப் போக மாட்டேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று நினைக்காமல் இருக்க, அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

சண்டை முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தார். எலும்பும் மலேரியாவும்தான் வந்தன. படித்ததில் பாதி மறந்துபோயிருந்தது. பாத்தி ஓரம் உட்காரவைத்து முதல் பாடத்திலிருந்து சொன்னேன். இந்தத் தடவை கேள்வி அவருடையது.

பரீட்சை மறுபடி தொடங்கியதும் இருவரும் ஒரே ஹாலில் எழுதினோம். நான் பாஸ். அவர் ஃபெயில். எழுதும்போதே குளிர்ஜுரம் வந்து, கடைசி இரண்டு கேள்விகளை அவரால் தொடவே முடியவில்லை.

லண்டனிலிருந்து வந்த என் ரிசல்ட் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். சிரித்தார் – சயாமிலிருந்து வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"போச்சு லா! இனிமே சம்பளத்துல ஒரு வெள்ளிகூட ஒளிச்சு வெக்க முடியாது."

அடுத்த வருஷம் அவரும் பாஸ் செய்தார். அதற்குப் பிறகு அவர் ஒளித்த வெள்ளியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது!