ஆடியில் வாங்கி ஆவணியில் பிரித்த கேமரா

ஐந்தாம் வகுப்போடு நின்றவன், இன்று மன்னார்குடியில் இரண்டு அறுவடை மெஷின்களுக்கு முதலாளி நான். பேரன் காதுகுத்துக்கென்று, சட்டைப்பையில் அடங்கும் விலையுயர்ந்த கேமராவை ஆடித் தள்ளுபடியில் என் தங்கை மகன் கடையில் வாங்கினேன். ஆடியில் புதுப்பொருளைப் பிரிக்கக் கூடாதென்று பூஜையறையில் வைத்துவிட்டேன்.

ஆவணியில், காதுகுத்தன்று பிரித்தேன். படம் அவ்வளவு துல்லியம்! பூரிப்போடு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால், கேமராவுக்குள் யாரோ ஒரு ஜோடி கொடைக்கானலில் நிற்கிறது.

கடைக்கு ஓடினேன். "யாரோ பொழங்குனத புதுசுன்னு என் தலையில கட்டிட்டியேடா?"

"மாத்துற கெடு முடிஞ்சிருச்சு மாமா. அன்னைக்கே பிரிச்சுப் பார்த்திருக்கலாம்ல?"

ஆடியில் நான் பிரிக்க மாட்டேன் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போதெல்லாம் ஆடியானாலும், ராகு காலமானாலும் கடையிலேயே பிரித்துவிடுகிறேன். சொந்தக்காரன் கடையென்றால் இரண்டு முறை பார்க்கிறேன்.