ஆல்டருக்கு ஏற்றிய விளக்கு

என் மனைவி கித்லா பாரிசில் பெல்வில் சந்தையில் கோழிக்கு இறகு பிடுங்குகிறவள். "இது கிழட்டுக் கோழியா?" என்று யாராவது கேட்டால், "உன்னைவிட இளசுதான், எடுத்துக்கோ" என்பாள். அடுத்த வாரமும் அவர்கள் அவளிடமே வருவார்கள்.

அந்த வாய் ஒரே இடத்தில்தான் தணியும். நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர் என்று தெரிந்தால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டுவாள். ஒன்பது வயதுப் பையன், இடது காதுமடல் மடிந்திருக்கும். வேறு படம் இல்லை.

"என் தம்பி லைப். நாப்பத்திரண்டுல போலீஸ் பிடிச்சு ரயில்ல ஏத்திட்டாங்க. அப்ப பதினாறு வயசு. பார்த்தீங்களா?"

லைப் என்று ஒருவனை யாருக்கும் தெரியவில்லை.

கித்லாவின் பெற்றோருக்கும் எனக்கும் போலந்தில் ஒரே ஊர். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செத்தவர்களுக்காக வருடம் ஒருமுறை இங்கே பாரிசில் கூடுவோம். ஜெபம் முடிந்தால் உப்பு மீனும் வோட்காவும். போன வருடம் பெல்ஜியத்திலிருந்து சூலிம் என்ற தையல்காரர் வந்திருந்தார். இரண்டாவது கிளாசில் பேச ஆரம்பித்தார்.

"முகாம்ல எங்க கொட்டடியில பாரிஸ் பையன் ஒருத்தன் இருந்தான். ஆல்டர்னு பேரு. பெத்தவங்க நம்ம ஊர்தான். ஒரு காது மடிஞ்சிருக்கும். 'எங்க அக்கா மட்டும் இங்க வந்தா காவல்காரனுங்க எல்லாம் வேலைய விட்டுட்டு ஓடிடுவானுங்க'ன்னு சொல்லுவான்."

மேசையில் சிரித்தார்கள்.

"காய்ச்சல். ஹனுக்கா பண்டிகை முதல் ராத்திரி போயிட்டான். நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். அந்தக் குடும்பம் உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது" என்றாள் கித்லா. தட்டில் இருந்த மீனைக் கூழாகும்வரை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காதை நான் தினமும் படத்தில் பார்க்கிறவன். தெருவுக்கு வந்ததும் கேட்டேன்.

"லைப்தானே அது?"

"மெதுவாப் பேசுய்யா."

பிறகு சொன்னாள். மூன்று வயதில் அவனுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும்போல் ஆகியிருக்கிறது. எங்கள் யூத ஜனம் செய்வதை அவள் அம்மாவும் செய்தாள். ஜெபக்கூடத்துக்கு ஓடி, பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டாள். லைப்பைத் தேடி வரும் சாவுதூதன் ஆள் தெரியாமல் திரும்பட்டும் என்று ஆல்டர் ஆக்கினாள். ஆல்டர் என்றால் கிழவன். காகிதத்தில் மட்டும் பழைய பெயர் நின்றது.

"ரெண்டும் ஒரே ஆள்னு மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கினா."

"அதுக்காக இத்தனை வருஷமா லைப், லைப்னே கேட்டியா? அங்க எல்லாருக்கும் அவன் ஆல்டர்டி, பைத்தியக்காரி."

"அந்தப் பேரைச் சொல்லியிருந்தா அவன் காதுல விழுந்திருக்கும்."

சாவுதூதனைத்தான் சொன்னாள்.

"கித்லா, உன் தம்பி செத்து இருபது வருஷம் ஆகப்போகுது."

"ஆல்டர் செத்தான்னுதான் அந்த ஆள் சொன்னாரு. லைப் செத்தான்னு யாரும் சொல்லலியே."

இந்த ஹனுக்காவின் முதல் மாலை, பண்டிகை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் செத்தவர்களுக்கு ஏற்றும் நினைவுநாள் விளக்கு ஒன்றையும் கண்ணாடிக் குவளையில் ஏற்றினாள்.

"யாருக்கு?" என்றேன்.

"ஆல்டர்னு ஒரு பையன். பாவம், அவனுக்கு யாரும் இல்லையாம். நீ ஜெபம் சொல்லு."

எழுந்து நின்று சொன்னேன். பாதியில் மாடிப்படியில் காலடி கேட்டது. கித்லா எழுந்து போய்க் கதவைத் திறந்து, கீழே எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

"மேல்வீட்டுக்காரன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கதவைத் தாழிடவில்லை. "விட்ட இடத்துலேருந்து சொல்லு."