வடகவுஞ்சியில் உப்பு வாங்காத வீடு

1. டோலி

1950-களின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். ஒருநாள் காலையில் வடகவுஞ்சியிலிருந்து நாலு பேர் டோலி கட்டிப் பெரியசாமியைத் தூக்கி வந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய பூண்டு விவசாயி. படுத்தால் மூச்சுத் திணறியது, கால் இரண்டும் வீங்கியிருந்தன. நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே பூனை உறுமுவதுபோல் அதிர்ந்தது.

டாக்டர் அவர் மகன் கந்தனை அழைத்துச் சொன்னார். "இதயத்துல ஒரு வால்வு சுருங்கிப்போச்சு. ஆபரேஷன் பெரிய பட்டணத்துலதான். அதுவும் வயசுப் பிள்ளைகளுக்குத்தான் செய்றாங்க, இவரைத் தொட மாட்டாங்க. மாத்திரை, ஓய்வு, உப்பில்லாச் சாப்பாடு, அவ்வளவுதான். உப்பு சேந்தா நீர் கோத்து மூச்ச அடைச்சிரும்."

இதயத்துக்கு டிஜிடாலிஸ் மாத்திரையும் நீர் பிரிய ஊசியும் கொடுத்தோம். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. உப்பைப் பற்றிக் கந்தனிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

2. தனிச் சட்டி

இரண்டே மாதத்தில் அதே டோலி வந்தது. பிறகு இன்னொரு தடவையும் வந்தது. பூண்டு விற்ற காசு வார்டு கட்டணத்தில் கரைந்தது. தூக்கி வந்தவர்களுக்கோ ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் கூலி போயிற்று. எனக்கு அப்போது வாய் நீளம்.

"உப்பப் போட்டே கொல்லப் போறியா?" என்று கந்தனைப் பிடித்துக்கொண்டேன்.

"தனிச் சட்டியிலதான் ஆக்குறோம் சிஸ்டரம்மா. அவரு தொடவே மாட்டேங்குறாரு. எங்க கொழம்பத்தான் ஊத்தச் சொல்றாரு."

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியசாமி, "உப்பில்லாம தனியா ஆக்கி வச்சா, அது செத்தவனுக்குப் படையலுங்க. நான் இன்னும் சாகலையே" என்றார்.

இன்னொரு தடவை இப்படி நீர் கோத்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் கந்தனிடம் தனியே சொன்னார்.

3. சாப்பாடு

அதன்பின் ஏழு மாதம் டோலி வரவில்லை. மலையில் அப்படிப்பட்ட நோயாளி வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அவருடைய கேஸ் ஷீட்டை இறந்தவர்களின் காகிதக் கட்டோடு நானே சேர்த்துவிட்டேன்.

அம்மைத் தடுப்பூசி போட வடகவுஞ்சி போனபோது துக்கம் கேட்கலாம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் பெரியசாமி உட்கார்ந்து பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் காலைத்தான் பார்த்தேன். வீக்கமே இல்லை.

"வாங்க சிஸ்டரம்மா, சாப்பிட்டுத்தான் போகணும்."

காட்டு வேலையிலிருந்து வந்த எல்லோரும் கூடவே உட்கார்ந்தார்கள். மருமகள் ஒரே சட்டியிலிருந்து எல்லோருக்கும் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன், சப்பென்று இருந்தது.

"உப்பு மறந்துட்டியாம்மா, கொஞ்சம் குடு."

"உப்பு இல்லீங்களே. வாங்கி ஏழு மாசமாச்சு."

கந்தன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "எல்லாருக்கும் ஒத்தச் சட்டின்னா அய்யா சாப்பிடுறாரு. அதான் ஒம்பது பேரும் உப்ப விட்டுட்டோம்."

நாளெல்லாம் மண்வெட்டி பிடித்து வேர்வை சிந்துகிறவர்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. கண் கலங்க, இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கிளம்பும்போது அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். வால்வு சுருங்கியபடியேதான் இருந்தது, அந்தப் பூனையும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. பெரியசாமி இன்னும் நாலு வருஷம் இருந்தார்.

திரும்பியதும் அந்தக் கேஸ் ஷீட்டை இறந்தவர்களின் காகிதக் கட்டுக்குள்ளிருந்து உருவி எடுத்தேன். அதற்குப்பின் இதய நோயாளி யார் வந்தாலும், வீட்டில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பேன். அத்தனை பேரையும் வரச் சொல்லி, அவர்கள் முன்னால்தான் சாப்பாட்டுப் பத்தியச் சீட்டு எழுதுவேன்.