குழாய்க்குள் போய் வந்த மணல்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா, அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா, பட்டறைக்காரர் சலீம் பாய், நான். அம்மாவைக் கேட்டால் ஐந்து என்பாள். மடியில் வைத்திருந்த மணல் சட்டியையும் ஓர் ஆளாகத்தான் அவள் எண்ணுவாள். கரி உலையின் புகை, காய்ந்த இரும்பு, மழையில் நனைந்த கோணிப்பை, பாயின் பீடி, இவற்றுக்கு நடுவிலும் அந்தச் சட்டியிலிருந்து வறுபட்ட கடலைத் தோலின் வாசம் வந்துகொண்டே இருந்தது. அந்த வாசத்தைப் பற்றித்தான் அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக அம்மா போட்டிருந்த கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு "மல்லாட்டை" என்று பேர். அம்மா அதை மணலில் வறுப்பாள். சும்மா ஆற்றில் அள்ளிய மணல் இல்லை. சலித்து, கழுவி, வருஷக்கணக்கில் வறுத்து வறுத்துக் கருத்துப்போன மணல். புது மணலில் வறுத்தால் மேலே கருகும், உள்ளே பச்சையாகவே நிற்கும் என்பாள். என்னைக்கூட அதில் கரண்டி போட விடமாட்டாள். மற்ற நாளில் வியாபாரம் பேருக்குத்தான்; பௌர்ணமி ஒரு நாள் விற்றால்தான் எங்களுக்கு அந்த மாதம்.

மாமாவிடம் ஒரு பழைய ஃபியட் கார் இருந்தது. நடக்க முடியாத வயசாளிகளை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றி வருவார். எஞ்சினுக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர் ஓடும் இரும்புக் குழாய் ஒன்று, "வாட்டர் பைப்பு" என்பார்கள், அது துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. சோப்பை அப்பினார், சைக்கிள் டியூபைச் சுற்றினார், யாரோ சொன்னார்கள் என்று ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக்கூடக் கரைத்து ஊற்றினார். கார் போன வழியெல்லாம் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. மஞ்சள் நீராட்டு விழா முடிந்து வருகிற பெண்ணைப் போல இருக்கிறதே, காருக்கும் அதெல்லாம் உண்டோ என்று நான் குழம்பியிருக்கிறேன். அந்த வண்டிக்குப் புதுக் குழாய் எந்தக் கடையிலும் இல்லை. சலீம் பாய் செய்து தருகிறேன் என்றார்.

அங்கேதான் மணல் வந்தது. வெறும் குழாயை வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். உள்ளே மணலைக் கெட்டித்து, இரண்டு முனையிலும் மரஆப்பு அடித்து, உலையில் பழுக்கக் காய்ச்சித்தான் வளைக்க வேண்டும். மணலில் துளி ஈரம் இருக்கக் கூடாது. அதுவோ ஐப்பசி, அடைமழை.

பௌர்ணமியன்று காலையில் மாமா ஆட்டோவோடு வந்து நின்றார்.

"அக்கா, உன் மணல கொஞ்சம் குடு."

"மணலா? ஏரில போய் வாரிக்க."

"ஈரம்க்கா. பாய் ரெண்டு தடவ காய வெச்சுப் பாத்துட்டாரு. நெருப்புல வெச்சதும் ஆப்பு டமால்னு பிச்சுக்கினு கூரைக்குப் போயிடுச்சு. ஊர்லயே ஈரமில்லாத மணல் உன்கிட்டதான் இருக்குது."

"ஊர்ல எல்லாரும் எங்கிட்ட மல்லாட்ட கேட்டு வராங்க. இவன் மணல் கேட்டு வந்து நிக்கறான் பாரு."

 மாமா மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கி வண்டி ஓடலன்னா வட்டிக்காரன் சாவிய வாங்கிக்கினு போயிடுவான்க்கா."

அம்மா என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். மணலைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை. அது சிந்திவிடுமோ, ஆட்டோ கவிழ்ந்துவிடுமோ, சாயங்காலத்துக்குள் திரும்புவோமோ என்று வழி முழுக்க நானும் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

"வாங்கக்கா, மணலுக்கும் சேத்து டிக்கெட் வாங்கினீங்களா?" என்றார் பாய்.

அம்மா சிரிக்கவில்லை. "ஒரு பிடி கொறஞ்சாலும் விடமாட்டேன் பாய்."

பாய் குழாயை நிமிர்த்திப் பிடிக்க, மாமா மணலைக் கொட்டினார். சுத்தியலால் தட்டத் தட்ட மணல் உள்ளே இறங்கியது. ஆப்பு அடித்து, உலையில் வைத்து, குழாய் செவசெவவென்று ஆனதும் பழைய குழாயின் உடைந்த துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வளைத்தார். எந்த நேரம் ஆப்பு வெடிக்குமோ என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கவில்லை. வளைவுகள் நசுங்காமல் வந்தன. இரும்பு ஆறியதும் ஆப்பைப் பிடுங்கி மணலைச் சட்டியில் கொட்டினார். அம்மா ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

"எண்ண வாட அடிக்குது."

பாய் தலையைச் சொறிந்தார். "புது பைப்புக்குள்ள லேசா எண்ண தடவிதான்க்கா வரும், துரு புடிக்காம இருக்க. நானும் தொடைச்சிட்டுத்தான் போட்டேன்."

மாமா முகர்ந்தார். "வாடையும் இல்ல ஒண்ணும் இல்ல. உனக்கு மனசுல வாட."

"பாய், நீங்க சொல்லுங்க."

"என்னக் கேக்காதீங்கக்கா. பீடி புடிச்சுப் புடிச்சு எனக்கு அத்தரும் ஒண்ணுதான், டீசலும் ஒண்ணுதான்."

அப்போதுதான் மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "பாப்பா, நீ மோந்து சொல்லுடி."

நான் குனிந்தேன். முதலில் தோல் வாசம் வந்தது, எப்போதும் வருவதுதான். அதற்குப் பின்னால் வேறு என்னவோ இருந்த மாதிரி இருந்தது. அது மணலிலிருந்து வந்ததா, பாயின் கையிலிருந்தா, நான் உட்கார்ந்து பாவாடையில் அப்பிக்கொண்ட கிரீஸிலிருந்தா? இன்னொரு முறை முகர்ந்தேன். இருந்ததும் இல்லாமல் போயிற்று. வாடை இருக்கிறது என்றால் மாமா எங்கள் பிழைப்பைக் கெடுத்தவர் ஆகிவிடுவார். இல்லை என்றால் அம்மா பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். அதை நினைத்ததும் மூக்கே அடைத்துக்கொண்டது.

"தெரியல" என்றேன்.

"தெரியலையா? மூக்கு எதுக்குடி வெச்சிருக்கு?" என்றாள் அம்மா.

"மூக்குத்தி போட" என்றார் மாமா. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அதே மணலில்தான் வறுத்தோம். வேறு வழி இல்லை. ஒருவர் நாலு கடலையை வாயில் போட்டுவிட்டுப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார். அடுத்தாற்போல வந்த ஓர் அம்மாள் வாங்கித் தின்று, நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்து இன்னும் ரெண்டு வாங்கிப் போனார். யாரை நம்புவது? அம்மா நம்பியது பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனவரை. பாதை நிறைய ஜனம் போய்க்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்தாள். வறுத்த கடலையையும் அத்தனை வருஷத்து மணலையும் கடைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். நான் "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டியிருக்க மாட்டாளோ என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தால் அது பொய்யாகவும் இருந்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் கார் வந்தது. உள்ளே நான்கைந்து வயசாளிகள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. மாமா ஹாரன் அடித்துக் கையை ஆட்டினார்.

"டேய் ஏழுமல, மல்லாட்ட காசு நூத்திப் பத்து ரூபா எடுத்து வை!" என்று அம்மா கத்தினாள்.

"வண்டி ஓடட்டும்க்கா, தரேன்!"

வண்டி ஓடியது. வட்டிக்காரன் சாவியை வாங்கவில்லை. பொங்கல் வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மாமா வரும்போதெல்லாம் சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா அந்தக் காசைக் கேட்பாள், அவரும் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். புது மணல் பதத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று.

காரை எடைக்குப் போட்ட அன்று மாமா அந்தக் குழாயை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார். "மத்ததெல்லாம் துரு. இது மட்டும் அப்படியே இருக்குது, உன் மணல் ராசி. கடன்ல கழிச்சிக்க." அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "பழைய இரும்பு, எட்டு ரூபா" என்றாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் கடையின் ஊதுகுழல். வளைவு இருப்பதால் புகைக்கு விலகி உட்கார்ந்துகொண்டே ஊதலாம்.

இப்போது காரும் இல்லை, மாமாவும் இல்லை, பாயின் பட்டறை இருந்த இடத்தில் லாட்ஜ். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடுவதில்லை. கடையில் கேஸ் அடுப்பு வந்துவிட்டதால் குழாயும் சும்மா ஆணியில் தொங்குகிறது. எப்போதாவது அதை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். புகை வாசம்தான் வருகிறது.

போன பௌர்ணமிக்கு மாமாவின் மகன் நடந்து வந்தான். அம்மா ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டு, "உங்கப்பன் எனக்கு இன்னும் காசு தரணும்டா" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். அம்மா அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

"உன்ன யாருடா கேட்டா? அவனத்தான் கேக்கறேன்."

நூற்றிரண்டு ரூபாய்.