மேனாம்பேட்டு மீன்கார வள்ளி அக்கா

வள்ளி அக்கா இறந்துவிட்டார்.

இன்று சாயங்காலம் ஸ்கூல் வேன் மேனாம்பேட்டைத் தாண்டும்போது சுவரில் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி... மேலே அக்காவின் போட்டோ. அதில் அவர் சிரிக்கவில்லை. அதனால் உடனே அடையாளம் தெரியவில்லை.

"நம்ம மீன்காரம்மாதான் பாப்பா. நேத்து காலைல மார்க்கெட்டாண்ட மயங்கி வுழுந்துட்ச்சாம். இன்னிக்கு மத்தியானமே எடுத்துட்டாங்க" என்றார் வேன் அண்ணா.

ரோடு முழுக்கப் பூ. எங்கள் வேன் அதன் மேலேயே போனது.

இந்தப் பதிவைப் போடுவது அம்மாவின் ஐடியில். எழுதுவது அவள் மகள். பிளஸ் ஒன் படிக்கிறேன். அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஆரம்பித்த ஐடி, அப்பாவுக்குத் தெரியாது. இதைப் படிக்கிற ஆன்ட்டிகள் யாரும் தயவுசெய்து போன் செய்து விசாரிக்காதீர்கள். காலையில் அப்பா போனை வாங்கிப் பார்ப்பார்.

அக்காவை எனக்குத் தெரியவந்தது எங்கள் கார் ரிப்பேர் ஆனதால்தான்.

போன வருஷம் வானகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்பும்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மண்டபத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் அப்பா பக்கத்து பிளாட் அங்கிளின் காரைக் கேட்டு வாங்கினார். கயிறு கட்டி அம்பத்தூர் மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போகலாம் என்றார். முன்னால் போகும் காரை அவர் ஓட்டுவார். பின்னால் இழுபடும் காரில் நான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"உன்னை யாரு ஓட்டச் சொன்னா? ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு உட்காரு. பிரேக் எதுன்னு தெரியும்ல, அது போதும்." சொல்லிவிட்டுச் சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் எல்லாச் சாவியும் அந்தப் பாக்கெட்டில்தான் இருக்கும். இன்ஜின் ஓடாத காருக்குச் சாவி எதற்கு என்று நானும் நினைத்தேன்.

கொஞ்ச தூரம் நேராகவே போனோம். முதல் வளைவில் லேசாகத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம்... ஸ்டீயரிங் அப்படியே இறுகிவிட்டது. சாவி இல்லாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

கார் ஓரத்துக் கால்வாய்ச் சுவரில் போய் மோதியது. கயிறு அறுந்தது. அப்பாவின் கார் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் தடுப்புச் சுவர், அவர் திரும்பி வர வெகுதூரம் சுற்ற வேண்டும்.

ஒரு பக்கக் கதவுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. இன்னொரு பக்கம் தண்ணீர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. கண்ணாடியும் இறங்கவில்லை. பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கத்தினேனா என்று ஞாபகம் இல்லை.

பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. ஒரு அக்கா இறங்கி, மீன் கூடையைத் தூக்கி நடுரோட்டில் வைத்தார். துண்டை உதறி உதறிக் காட்டினார். லாரிகள் விலகிப் போயின. வந்து கதவைத் திறந்தார்.

"கால எடு கண்ணு. வண்டி எங்கியும் போவாது. நான் கீறேன்ல."

என்னைச் சுவர் மேல் உட்கார வைத்து, கூடையிலிருந்து ஐஸ் எடுத்து நெற்றியில் அழுத்தினார். "கவிச்சி அடிக்கும், பொறுத்துக்கோ. வீங்காது."

"சாவி எங்கமா?"

"அப்பாகிட்ட."

"ஊட்டுச் சாவியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அக்காவும் நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சும்மா பேசுவது மாதிரி சொன்னார். "நம்ம ஊடு மேனாம்பேடு. மீன்கார வள்ளின்னு யார வேணா கேளு, காட்டுவாங்க. கதவ பூட்றதே இல்ல. தூக்கினு போறதுக்கு இன்னா கீது... பூனைதான் வந்துகினு போயிகினு கீது."

அப்பா வந்ததும் முதலில் பம்பரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார். அக்கா நடுவில் வந்து நின்றார்.

"இன்னா சார், மொதல்ல பொண்ணுக்கு அடி பட்டுச்சான்னு பாரு. தகரத்த அப்பால பாத்துக்கலாம்."

"நீ யாரும்மா? உன் வேலையப் பாத்துட்டுப் போ."

"போறேன் சார். கூடை நெறய சங்கரா மீனு கீது. மொத்தத்தையும் வாங்கிக்கோ, இப்பவே போறேன்."

வேடிக்கை பார்க்க நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அப்பா கையை இறக்கிக்கொண்டார். வீட்டுக்குப் போன பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை.

அதற்கப்புறம் அக்கா எங்கள் தெருவுக்கும் மீன் கொண்டு வர ஆரம்பித்தார். அம்மா பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவாள். ஏன் கீழே வரமாட்டேன் என்கிறீர்கள் என்று அக்கா கேட்டதே இல்லை. பையில் மீனைப் போட்டுவிட்டு, "பாப்பா நல்லா கீதா?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு லீவு நாளில் மாடி ஏறியே வந்துவிட்டார். அப்பா இல்லை. கிரில் கேட்டில் வெளியே பூட்டு தொங்கியது. அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் விட்டார்.

"எப்பன்னாலும் வா கண்ணு. அம்மாவையும் இட்டுகினு வா. ராவானாலும் இன்னா..."

அம்மா மீன் பையை எடுத்துக்கொண்டாள். மீன் கழுவ உள்ளே போய்விட்டாள்.

பிளஸ் டூ முடிந்ததும் போய்விடலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். எங்கே என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரே இடம் அக்கா வீடுதான்.

இன்று வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் அப்பா. அம்மா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் கேட்டாள்.

"அவங்க வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"தெரியலம்மா."

பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

போய் வாருங்கள் அக்கா... அம்மாவும் சொல்லச் சொன்னாள்.